அழிக்காமல் விட்ட பென்சில் கோடு

பள்ளிக்கூட ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, லீவு எப்படிக் கேட்பது, ஆடிட்டர் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒன்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் கையெழுத்து அழகாக இருந்தால் அதை வெளியே காட்டிக்கொள்ளாதீர்கள். காட்டினால் தொலைந்தீர்கள். சான்றிதழ், பாராட்டு மடல், வரவேற்புப் பலகை, கழிவறைக் கதவில் ஒட்டும் அறிவிப்பு எல்லாம் உங்கள் மேசைக்கு நடந்து வரும். அதற்கு நடுவில் உங்கள் சொந்த வேலையையும் யாரும் எடுத்துச் செய்யமாட்டார்கள்.

மாட்டுங்காவில் நம் பள்ளி ஆபீசில் எனக்கு நேர்ந்தது இதுதான். கிளார்க்காகச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில், ஏதோ ஒரு கவரின் மேல் விலாசத்தைக் கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் வளைத்து எழுதிவிட்டேன். அதைத் தலைவர் பார்த்துவிட்டார். தலைவர் என்றால் பள்ளியை நடத்தும் சபையின் தலைவர். அவர் பதவிக்கு வந்ததையும் நான் பார்த்தேன், நான் ஓய்வு பெற்றதை அவர் பார்த்தார், இன்னும் அவர்தான் தலைவர். "பாகீரதி, நீ ஆர்டிஸ்ட்னு சொல்லவே இல்லையே" என்றார். அன்று முதல் நான் ஆர்டிஸ்ட். சம்பளம் கிளார்க்குக்கு உண்டானதுதான்.

பட்டை நிப் வைத்த பேனாவைப் பிடித்து, ஒரே இழுப்பில் தடிமனும் மெலிவுமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கும்பிடு. நமக்கு அது வராது. நாம் செய்வது வேஷம். முதலில் பென்சிலால் ஈர்க்கு மாதிரி எலும்பாக எழுத்தைப் போட்டுக்கொள்வது. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரிய வேண்டும், அவ்வளவு லேசாக. அதன்மேல் சாதாரணப் பேனாவால் ஒரு தடவை ஓட்டுவது. பிறகு, கை எங்கெல்லாம் கீழே இறங்கியதோ அங்கெல்லாம் பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டு, நடுவை நிரப்புவது. மேலே ஏறும் இடத்தை ஒல்லியாகவே விட்டுவிடுவது. காய்ந்ததும் ரப்பரால் பென்சிலை அழித்துவிட்டால், பெரிய ராஜசபையில் உட்கார்ந்து எழுதியது போல இருக்கும். செய்தது என்னவோ கிங்ஸ் சர்க்கிளில் ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய கறுப்பு ஜெல் பேனா.

இந்த வேலையில் கெட்டிக்காரத்தனம் கையில் இல்லை. பென்சிலில் இருக்கிறது. பென்சில் கோடு இருந்தால் கை நடுங்கினாலும் எழுத்து நடுங்காது. பென்சில் இல்லாமல் எழுதச் சொன்னால் நானும் உங்களைப் போலத்தான், மளிகைக் கடை சீட்டு மாதிரி எழுதுவேன். இதைத் தலைவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் எங்கே சொல்லவிட்டார்.

ஏனென்றால் அதற்குள் அவர் மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு பேனா கொண்டுவந்து கொடுத்துவிட்டான். நீல வெல்வெட் பெட்டி, உள்ளே தங்க நிறத்தில் பேனா. தலைவர் அதைத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டி, சான்றிதழ் எழுதும் காலத்தில் மட்டும் எடுத்துத் தருவார். ஒரே ஒருமுறை அதில் எழுதிப் பார்த்தேன். 'ப' எழுதப் போய் மையைக் கொட்டி வைத்தது. கழுவித் துடைத்துப் பெட்டியில் படுக்க வைத்தேன், அதற்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை. ஜெல் பேனாவால் எழுதிக் கொடுப்பேன். தலைவர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பார்த்தியா, இந்தத் தடிமன் வேற பேனாவில் வருமோ?" என்பார். வராது சார் என்பேன். இப்படியே எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

சில வருஷங்களுக்கு முன்பு பள்ளி ஆண்டு விழாவில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன் மாரியம்மாளைச் சொல்ல வேண்டும்.

மாரியம்மாள் நம் பள்ளி ஆயா. தாராவியிலிருந்து வருவாள். மணி அடிப்பது, தண்ணீர் பிடித்து வைப்பது, சின்னப் பிள்ளைகள் வாந்தி எடுத்தால் துடைப்பது, பெற்றோர் வந்து சத்தம் போட்டால் பிரின்சிபால் அறைக் கதவில் நின்று திருப்பிச் சத்தம் போடுவது, இதெல்லாம் அவள் வேலை. இரண்டாவது மாடி கட்டுவதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்தவள். அந்த வருஷம் நீண்ட நாள் பணியாற்றியவர்களுக்கு மேடையில் சான்றிதழ் தருவதாக முடிவானது. பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. நானே போய்ச் சொன்னேன்.

அவள் உடனே நம்பவில்லை. "மேடையில ஏத்துவாவளா, இல்ல ஆபீஸ்ல வச்சுக் குடுப்பாவளா?" என்று கேட்டாள்.

"மேடையிலதான்."

"போட்டோ எடுப்பாவளா?"

"எடுப்பா."

அவ்வளவுதான். மறுநாள் அவள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மகளை அம்பர்நாத்தில் ஃபேக்டரி வேலை பார்க்கும் பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்த வீட்டாருக்கு இவளைக் கொஞ்சம் இளப்பம். 'பெருக்குற வேலைதானே' என்று மகள் காதுபடவே சொல்வார்களாம். அவர்களையும் விழாவுக்கு அழைத்துவிட்டாள். வீட்டில் சுவரில் ஆணியும் அடித்தாகிவிட்டது. "கோலி ரூம்ல இருக்குறது ஒரு நல்ல சுவரு, அதுல முருகன் படத்த எறக்கிட்டு அடிச்சிருக்கேன் மேடம்" என்றாள். முருகனை எங்கே வைத்தாய் என்று கேட்டேன். "அவரு அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவாரு" என்றாள்.

நான் சான்றிதழ் கார்டில் அவள் பெயரைப் பென்சிலில் போட்டு வைத்திருந்தேன். விழாவுக்கு முந்தின நாள் தலைவர் கூப்பிட்டார்.

"பாகீரதி, லிஸ்ட்டில் ஒரு சின்ன சேஞ்ச். மேடை அலங்காரத்துக்கு நம்மாத்து மாமி எவ்வளவு கைடன்ஸ் கொடுத்திருக்கா, தெரியுமோன்னோ? அவளுக்கு ஒண்ணு கொடுக்கலைன்னா நன்னா இருக்காது."

"கொடுக்கலாம் சார். ஒரு கார்டு எழுதிடறேன்."

"நம்பர் கூடக் கூடாதும்மா. ப்ரோக்ராம் நீண்டுடும். அந்த ஆயா பேரை எடுத்துடு. அவளுக்குப் புடவை கொடுத்துக்கலாம். அந்தக் கார்டிலேயே அழிச்சுட்டு மாமி பேரைப் போட்டுடேன், கார்டு வேஸ்ட் ஆகாது."

மாமி கொடுத்த கைடன்ஸ் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஹாலுக்குள் வந்து, "பிங்க் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் மேசைக்கு வந்து கார்டை எடுத்து வைத்து, ரப்பரை எடுத்தேன். நிமிர்ந்தால் எதிரே மாரியம்மாள் நிற்கிறாள். கையில் தண்ணீர் ஜக். தலைவர் அறைக் கதவுக்கு வெளியேதான் அவள் ஸ்டூல். எல்லாம் கேட்டிருக்கிறது.

"அழிங்க மேடம். நான் பாக்கேன்" என்றாள்.

"மாரியம்மா, நான் என்ன பண்ணட்டும் சொல்லு. அவர் சொல்றார்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். அழிங்க. அம்பர்நாத்துலருந்து வாரவியகிட்ட நான் என்ன சொல்லணும்ங்கறதையும் சொல்லிக் குடுத்துருங்க."

அழுதிருந்தால் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் அழவில்லை, நகரவும் இல்லை. ரப்பரை வைத்துக்கொண்டு ஒரு பெயருக்கு எதிரே உட்கார்ந்திருப்பதும், அந்தப் பெயருக்கு உரியவள் ஜக்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதும் எனக்குத் தாங்கவில்லை. கார்டை ஃபைலுக்குள் செருகினேன். மாமிக்கு வேறு கார்டு எடுத்தேன். மாரியம்மாள் மணி அடிக்கப் போனாள். அன்றைக்கு மணி கொஞ்சம் பலமாகவே கேட்டது.

இது போதாதென்று தலைவருக்கு இன்னொரு யோசனை. அவர் மருமகள் போனில் ரீல்ஸ் காட்டியிருக்கிறாள். யாரோ ஒருத்தி மேடையில் உட்கார்ந்து விருந்தாளி பெயரைக் கேலிகிராஃபியில் எழுதித் தருகிறாளாம், கூட்டம் கைதட்டுகிறதாம். "நம்மகிட்ட ஆர்டிஸ்ட் இருக்கா, பேனாவும் இருக்கு. சீஃப் கெஸ்ட் பேரை மேடையிலேயே எழுதிக் கொடுத்துடு" என்றார்.

பயந்தேன், ஆனால் கவலைப்படவில்லை. நம் தொழிலில் இதற்கு வழி உண்டு. சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற ஒரு பெரிய அதிகாரி. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே அவர் பெயரைப் பென்சிலில் போட்டுவிட்டேன். மேடையில் உட்கார்ந்து அதன்மேல் ஓட்ட வேண்டியதுதான். முன்வரிசைக்குக்கூடப் பென்சில் தெரியாது. வெல்வெட் பெட்டியைத் திறந்து தங்கப் பேனாவை வெளியே எடுத்துவிட்டு, என் ஜெல் பேனாவின் லேபிளை உரித்து உள்ளே படுக்க வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

விழா நாள். மேடையில் ஓரமாக எனக்கு ஒரு சின்ன மேசை. ஹால் நிரம்பிவிட்டது. கடைசி வரிசையில் பட்டுப் புடவையும் பாண்ட்ஸ் பவுடருமாக மாரியம்மாளின் மகள், பக்கத்தில் மருமகன், அவன் அப்பா அம்மா. மாரியம்மாள் அவர்களிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மருமகனின் அம்மா அப்போதே மேடைப் படியைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். மாரியம்மாள் மேடைக்குக் கீழே தண்ணீர் டம்ளர்களோடு நின்றாள்.

கடவுள் வாழ்த்து முடிந்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார். அதிகாரிக்குக் காலையிலிருந்து வயிறு சரியில்லையாம். நம் நல்லகாலம், செம்பூரிலிருந்து பிரபல பில்டர் ஒருவர் பெரிய மனது பண்ணி வந்திருக்கிறாராம். மூன்று இனிஷியலோடு ஒரு நீளமான பெயரைச் சொன்னார். வெள்ளைச் சட்டையில் ஒருவர் எழுந்து கும்பிட்டார். பிறகு தலைவர் என் பக்கம் கையை நீட்டி, "இப்போது நமது ஆர்டிஸ்ட், வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட பேனாவால், விருந்தினர் பெயரை உங்கள் கண்முன்னே எழுதுவார்" என்றார்.

பில்டர் என் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார். "க்யா பாத் ஹை! நான் பாம்பேயிலயே பொறந்து வளந்தேன் மேடம். டமில் பேசுவேன், படிக்க வராது. பட் பார்க்க ரொம்பப் பிடிக்கும்" என்றார்.

ஃபைலைத் திறந்தேன். மூன்று கார்டு. ஒன்றில் வயிறு சரியில்லாத அதிகாரி. இரண்டாவது வெற்றுக் கார்டு. மூன்றாவதில் நான் அழிக்காமல் விட்ட பென்சில் கோடு.

வெற்றுக் கார்டில் பில்டர் பெயரைக் கையால் எழுதிப் பார்த்திருக்கலாம். எல்லோர் எதிரிலும் கோணல்மாணலாக வந்திருக்கும். அதிகாரி பெயரை எழுதினால் ஹாலே சிரிக்கும். உள்ளங்கை வேர்த்துக் கார்டில் ஒட்டியது. அந்த நேரத்தில் நியாயம் அநியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் இருக்கும் கார்டு வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது கார்டை இழுத்தேன்.

வெல்வெட் பெட்டியைத் திறந்து, தெய்வத்தை எடுப்பது போல ஜெல் பேனாவை எடுத்தேன். முதல் எழுத்தை ஓட்டியதும் கை ஒரு நிதானத்துக்கு வந்தது. முழுப் பெயரையும் மெல்லிசாக எழுதி முடித்தேன். பிறகு இறங்குமிடத்தை ஒவ்வொன்றாகத் தடிமன் செய்துகொண்டு வந்தேன். தலைவர் மைக்கில் பேனாவின் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பில்டர் "வாவ், வாவ்" என்றார். கடைசி எழுத்தின் கால் ஒன்று மட்டும் பாக்கி இருந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. கார்டை உருவி, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போட்டோக்காரனைப் பார்த்துச் சிரித்தார். நாலைந்து ஃபிளாஷ் அடித்தது. மாரியம்மாள் என்ற பெயரை நெஞ்சில் தாங்கிக்கொண்டு செம்பூர் பில்டர் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நம் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பெயர்களை மைக்கில் படிப்பது பத்தாம் வகுப்புப் பெண். பி.டி. மாஸ்டர் ஒரு வாரம் ஒத்திகை நடத்தி, மைக்கில் பெயர் வந்தால் கைதட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஏற்றி வைத்திருப்பார். யார் பெயர், எதற்கு என்பதெல்லாம் பிள்ளைகள் வேலை இல்லை. பெயருக்கு உரியவர் இடது படியில் ஏறி, வாங்கி, போட்டோவுக்குத் திரும்பி, வலது படியில் இறங்க வேண்டும்.

ஓரத்து மைக்கில் நின்ற அந்தப் பெண் தன் கடமையைச் செய்தாள். அவளுக்குத் தமிழ் படிப்பது கொஞ்சம் கஷ்டம். பில்டர் பிடித்திருந்த கார்டைப் பார்த்து, எழுத்துக் கூட்டி, "மா... ரி... யம்... மாள்!" என்று படித்தாள்.

ஹால் இடிந்துவிழும்படி கைதட்டல். ஒத்திகையில்கூட அவ்வளவு தட்டவில்லை. மணியடிக்கிற ஆயா பெயர் ஆயிற்றே. சின்னப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிவிட்டன. தலைவர் மைக்கை மூடிக்கொண்டு, "பாகீரதி, என்ன இது?" என்று பல்லைக் கடித்தார். நான் ஜெல் பேனா தெரியாமல் வெல்வெட் பெட்டியை மூடினேன்.

ஒத்திகை நடந்த அத்தனை நாளும் தண்ணீர் கொடுத்தவள் மாரியம்மாள். அந்த வழி அவளுக்கு நன்றாகத் தெரியும். டம்ளர் தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இடது படியில் ஏறினாள். பில்டருக்கு ஒரு கணம் குழப்பம். "யே கௌன், யார் இது?" என்றார். அவள் நேராக எதிரே வந்து நின்றதும், கொடுப்பதுதானே விருந்தினர் வேலை என்று கொடுத்துவிட்டார். வாங்கினாள். திரும்பினாள். போட்டோக்காரன் இன்னும் தயாராகவில்லை என்று பார்த்து, அவன் எடுக்கும்வரை நின்றாள். பிறகு வலது படியில் இறங்கினாள். கடைசி வரிசையில் மருமகனின் அம்மா எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு மெமோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பில்டர் தன் பேச்சில், இப்படி ஒரு சர்ப்ரைஸ் தான் எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை என்றும், பள்ளிக்கு வாட்டர் கூலர் தருவதாகவும் சொல்லிவிட்டார். தலைவர் எழுந்து, இது சபை பல நாள் யோசித்து ரகசியமாக வைத்திருந்த ஏற்பாடு என்றார். அடுத்த வருஷத்திலிருந்து அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆண்டுதோறும் கீழ்நிலை ஊழியர் ஒருவர் பெயரை வேண்டுமென்றே பட்டியலிலிருந்து நீக்கி, மேடையில் சர்ப்ரைஸாகக் கொடுக்கிறார்கள். நீக்கப்பட்டவர் முந்தின நாள் வீட்டுக்குப் போய் வயிறெரிந்து படுப்பதும் அந்த ஏற்பாட்டில் சேர்த்தி. மாமிக்குப் பட்டியலில் நிரந்தர இடம். நீங்கள் வேலைக்குச் சேர்ந்திருப்பது இப்படிப்பட்ட இடத்தில் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மாள் என்னைத் தாராவிக்குக் கூப்பிட்டாள். சயான் பக்கம் இறங்கி, சந்துக்குள் சந்தாக அவள் பேத்தி அழைத்துப் போனாள். கார்டு சுவரில் ஆணிக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தது. ஃபிரேமும் கண்ணாடியும் தரையில் கிடந்தன.

"கடைசிக் கம்பு ஒல்லியா நிக்கி மேடம். அத முடிச்சுத் தாங்க, கண்ணாடி மாட்டிருதேன்."

அம்பர்நாத்துக்காரர்களும் இருந்தார்கள். மருமகனின் அம்மா எனக்கு நாற்காலி துடைத்துப் போட்டாள். "டீச்சர், மேடையில எம்புட்டுத் தைரியமா எழுதினிய" என்றாள். நான் டீச்சர் இல்லை, தைரியமும் இல்லை. முதலாவதைத் திருத்தவில்லை. இரண்டாவது என்னவோ நெஞ்சில் குத்தியது. மாரியம்மாள் காபி கொண்டுவந்தபோது, தணிந்த குரலில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"மாரியம்மா, உனக்காகன்னு நினைச்சு நான் எழுதலை. வேற கார்டில் பென்சில் இல்லை. பயத்தில்தான் எழுதினேன்."

"தெரியும் மேடம். ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்" என்றாள். "மொத நாளு அழிக்காம வச்சதும் பயந்துதான். என்னயப் பாத்துப் பயந்திய. மேடையில அவியளப் பாத்துப் பயந்திய. ரெண்டு பயத்துலயும் எம் பேரு தப்பிச்சிட்டு. எனக்கு அது போதும். காபி ஆறுது, குடிங்க."

ஜெல் பேனாவை எடுத்துக் கடைசிக் காலைத் தடிமன் செய்தேன். நன்றாக வந்தது. எழுத்தைச் சுற்றிப் பென்சில் கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. மேடையில் அழிக்க நேரம் ஏது. வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுப்போமே என்று, மை காயும்வரை ஊதிவிட்டு, கைப்பையைத் திறந்து ரப்பரை எடுத்தேன்.

மாரியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அத உள்ள வைங்க மேடம். எம் பேரு பக்கத்துல ரப்பரக் கொண்டு வராதிய."

உள்ளே வைத்தேன். அவள் அப்படியே கண்ணாடியைப் போட்டு, சுவரில் மாட்டினாள்.